எந்தக் காலனி?

‘உங்களுக்கு எந்தத் தெரு?’ என்று கடைசியாக யாரைக் கேட்டீர்கள்? விலாசம் எழுதவா கேட்டீர்கள்?

எறையூர் வினோதினி பெரம்பலூரில் எம்.பி.ஏ. சேர்ந்த முதல் வாரம், மார்க்கெட்டிங் பேராசிரியர் எல்லோருடைய ஊரையும் விசாரித்தார். அவர் சென்னைக்காரர்.

“எறையூருங்க சார். காலனி.”

“சுகர் மில் காலனியா? குவார்ட்டர்ஸ்லாம் அருமையா இருக்குமே.”

பட்டணத்தில் காலனி என்றால் வங்கி அதிகாரிகள் குடியிருக்கும் இடம். கிராமத்தில் அது சேரிக்கு இன்னொரு பெயர். அவள் வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

மதியம் வகுப்புத்தோழி உடையார்பாளையம் சுகன்யா சாப்பாட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரேம்குமாரும் அறிவழகனும் எதிரே. செமஸ்டர் முழுக்க நால்வர் குழுவாகத்தான் வேலை, மதிப்பெண்ணும் குழுவுக்குத்தான். வினோதினிக்குக் கேட்காமலே இடம் கிடைத்துவிட்டது. அவள் டப்பாவிலிருந்த கருவாட்டுத் தொக்கை மூன்று பேரும் வழித்துத் தின்றார்கள்.

“அப்பா மில்லுல எந்த செக்‌ஷன்டி?” என்றாள் சுகன்யா.

ஒரு பொய் போதும். அதுகூட வேண்டாம், சும்மா சிரித்தாலே போதும்.

“மில்லுல இல்ல. கரும்பு வெட்டப் போறாரு. எங்க காலனி வேற, ஊருக்குக் கெழக்கால இருக்கு.”

“ஓ.” சுகன்யா டப்பாவை மூடினாள். “போன் பேசிட்டு வந்துடுறேன்.”

வரவில்லை. சாயங்காலம் வாட்ஸப்பில் வந்தது: ‘டீம் ஃபுல்லாயிடுச்சு. தப்பா நெனச்சுக்காதப்பா.’

நிர்வாகம் படிக்க வந்தவர்களுக்கு நான்கில் மூன்று போனால் ஓர் இடம் மீதி என்பது மறந்துபோயிற்று. ‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக அரசு அறிவித்தது. நாக்கிலிருந்து யார் எடுப்பது?

அதற்குப் பிறகு மதியங்களில் வினோதினி லைப்ரரி மாடிப்படியில் சாப்பிட்டாள். யாரும் திட்டவில்லை, யாரும் பேசவுமில்லை. திட்டினாலாவது புகார் கொடுக்கலாம். வீட்டுக்குப் போன் செய்யும்போது, “நல்லா பழகுறாங்கம்மா” என்றாள்.

குழுக்கள் தங்கள் ஆய்வைப் பேசும் நாள் வந்தது. மேடையில் நான்கு நாற்காலிகள். தனியாகவே ஆய்வை முடித்திருந்த வினோதினி ஒன்றில் உட்கார்ந்தாள்.

“மீதிப் பேரு எங்கம்மா? லீவா?” என்றார் பேராசிரியர்.

“இல்ல சார். முழுசா வந்துட்டோம்.”

வகுப்பு சிரித்தது. சுகன்யா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினோதினி எழுந்து பேசத் தொடங்கினாள். மூன்று நாற்காலிகள் கடைசிவரை காலியாகவே கிடந்தன.

உங்கள் வகுப்பிலும் அலுவலகத்திலும் அப்படி ஒரு நாற்காலி இருக்கும். நாளைக்கு உங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். தெருவைக் கேட்காதீர்கள். தொக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.