முத்துமாரி எந்த ஊர்?

இன்று காலை தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசப் போயிருந்தேன். பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். டாக்டர் படிப்பைத் தவிர நர்சிங், லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி என்று எத்தனை வழிகள் இருக்கின்றன என்று ஒரு மணி நேரம் உற்சாகமாகச் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு முத்துமாரி என்ற பெண் மட்டும் நின்றாள்.

“அக்கா, எனக்கு நர்சிங்தான் ஆசை. கோட்டாவுல போட காஸ்ட் சர்டிபிகேட் கேக்காங்க. இங்க ஆபீஸ்ல, ‘உங்க தாத்தா காலத்துலயே பம்பாய்ல இருந்ததுக்குப் பேப்பர் கொண்டா’ன்னு சொல்லுதாங்க. சொந்த ஊரு திருநவேலில போய்க் கேட்டா, ‘நீ பம்பாய்ல பொறந்தவ, அங்கயே வாங்கிக்கோ’ன்னுட்டாங்க.”

“கோட்டா இல்லாம ஓப்பன்ல போட்டுப் பாத்தியா?”

“அதுக்கு மார்க் பத்தாதுக்கா.”

எங்கள் சாதிக்குக் கோட்டா கிடையாது; பக்கத்து மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் யாரும் இந்தக் காகிதத்தைத் தேடி அலைந்ததில்லை.

“விசாரிச்சுச் சொல்றேன்மா, மனசு தளராதே” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவள் தலையாட்டிவிட்டுக் கேட்டாள். “ஆயா வேலைக்கு இந்த சர்டிபிகேட் வேணுமாக்கா? ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தாப் போதும் எனக்கு.”

வேண்டாம் என்றேன். இன்று எனக்கு உறுதியாகப் பதில் தெரிந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

இந்தச் சர்டிபிகேட்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று கீழே எழுதுங்கள். ‘மனம் தளராதே’ என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நானே சொல்லிவிட்டேன்.