பிலோமினா மேடம் வைத்த நடைப் பரீட்சை

வீரபாண்டி டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது எஸ்.எம்.எஸ். வந்தது. பிலோமினா மேடம் காலையில் இறந்துவிட்டார். இறங்கித் திரும்ப முடியவில்லை, அன்று கம்பெனியில் சரக்கு கிளம்பும் ஷிப்மெண்ட் நாள். மாலை அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். இருபது வருடம் பனியன் கம்பெனி பர்சனல் ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு அழுவதற்கும் பெர்மிஷன் போட வேண்டியிருக்கிறது.

மேடம் எங்கள் கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் வந்துபோன பிசியோதெரபிஸ்ட். அவரோடு பழகியவர்களுக்கு அந்தப் பேச்சு காதிலேயே இருக்கும். தொழிலாளிகளின் உடல்திறனைச் சோதிக்கும்படி சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டபோது, அவர் மெஷின் எதுவும் வேண்டாம் என்றார். பேக்கிங் ஹாலை ஒட்டிய நடைபாதையில் இரண்டு நூல் கோன்களைத் தள்ளித் தள்ளி வைத்தார். "இதுக்கும் அதுக்கும் ஆறு நிமிசம் நடங்க கண்ணு. ஓட வேண்டாம், முடிஞ்ச வேகத்துல நடந்தாப் போதும்." நான் ஸ்டாப் வாட்சோடு பக்கத்தில் நின்றேன். சூப்பர்வைசர் அவசரப்படுத்தியதால் அன்று நாடி பார்க்காமல் நடந்த தூரத்தை மட்டும் குறித்தோம்.

இருபது வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் காய்ச்சலில் எழுந்தவர்கள் மாதிரி நடந்தார்கள். "எல்லாம் நடிப்புங்க மேடம்" என்று எரிந்து விழுந்தேன். அவர் கேன்டீனுக்குப் போய்ப் பிள்ளைகளோடு டீ குடித்துவிட்டு வந்து சொன்னார்:

"நடிப்பில்லீங்க சார், பயமுங்க. வாட்சோட ஆளு வந்து நின்னா மறுநாள் டார்கெட் ஏறுமாம். அதான் மெதுவாப் போயிருக்குதுங்க."

டெய்லர் பக்கத்தில் வாட்சோடு ஆளை நிறுத்தி, மணிக்கு இத்தனை பீஸ் என்று நிர்ணயிக்கும் ஊர் இது. வாட்சைக் கண்டால் கை தானாக மெதுவாகும். அன்று காலும் மெதுவாகிவிட்டது. இத்தனை வருடம் இங்கேயே கிடந்த எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வாட்சை என் டிராயரில் பூட்டச் சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மறுபடி நடக்க வைத்தார். பிள்ளைகள் விறுவிறுவென்று நடந்தார்கள். தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த மல்லிகா மட்டும் அதே மெதுநடை. நாலாவது நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

மேடம் அவளை உட்கார வைத்து நாடியைப் பிடித்தபடியே சொன்னார்: "மத்தவங்க இன்னிக்குத்தான் நெசமா நடந்தாங்க. இந்தக் கண்ணு அன்னிக்கே நெசமாத்தான் நடந்திருக்குதுங்க."

அவள் நாடியையும் நின்ற நிமிடத்தையும் எழுதிய தாளை என்னிடம் கொடுத்து, "ஆஸ்பத்திரியில காட்டற வரைக்கும் ஃபைல்ல சேர்த்துடாதீங்க சார். பாத்தா வேலைய விட்டு நிறுத்திருவாங்க" என்றார். தலையை ஆட்டினேன். சாயந்திரம் மேனேஜர் எல்லாத் தாளையும் கேட்டார். ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு இல்லை. மறுநாள் காலை மல்லிகாவை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மேடம் என்னைத் திட்டவில்லை. அவளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார். இதயத்தில் வால்வு கோளாறு. ஆபரேஷன் முடிந்து அவள் தேறிய பிறகு, வரும் நாளெல்லாம் மேனேஜர் அறைக்கு நடந்து, செக்கிங் டேபிளில் உட்கார்ந்து செய்யும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் மல்லிகா நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"அன்னைக்கு என் தாளை மேனேஜர்கிட்ட யாரு சார் கொடுத்தது? மேடம்கிட்ட எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டேன். 'அது எதுக்கும்மா இப்ப'ன்னு முடிச்சிருவாங்க."

இத்தனை வருடம் மேடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் மறைத்ததை நானும் மறைத்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். உடம்பு அவ்வளவு ஓய்ந்திருந்தது.

"நான்தாம்மா" என்றேன்.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். என்னால் ஈடுகொடுக்க முடியாத வேகம். மேடத்திடமிருந்து எனக்கென்று எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அந்த நடையைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் சொல்வேன்.