கீரிமலையில் ஒரு வெளியூர்க்காரன்

மானிப்பாயிலிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலம். கீரிமலைக்கு நான் வராத ஆடி அமாவாசை இல்லை. ஆனாலும் இன்றைக்கு, சும்மா ஒரு விளையாட்டுக்கு, வெளியூர்க்காரனாக வந்திருக்கிறேன்: தொப்பி, கறுப்புக் கண்ணாடி, இரவல் கமரா. அட்டனிலிருந்து வான் வண்டியில் வந்த பத்துப் பேருக்கு வழிகாட்டி ஒருவர் கேணியைக் காட்டிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறக்காமல் நானும் பின்னால் ஒட்டிக்கொள்கிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கிறது, இந்தப் பக்கம் கேணி. இங்கே நீராடிக் கீரிமுகம் நீங்கிய முனிவரின் கதையை அவர் சொல்ல, முதல் தடவை கேட்பவன்போல் தலையாட்டுகிறேன். கதை முடிந்ததும் அவர் குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி நீட்டுகிறார்.

“குடிச்சுப் பாருங்கோ. உப்பே இல்லை.”

“உது மெய்யாகவே கேணித் தண்ணியோ?” என்று கேட்டுவிடுகிறேன்.

அவர் என்னை உற்றுப் பார்க்கிறார். “அண்ணை எவடம்?”

“கண்டி.”

“கண்டியிலை ஆர் ‘உது’ எண்டு கதைக்கிறது? உண்மையைச் சொல்லுங்கோ.”

எதிரே நிற்பவரிடம் இருப்பதை ‘உது’ என்பது யாழ்ப்பாணத்து நாக்கு. அது என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. “மானிப்பாய்,” என்கிறேன். பத்துப் பேரும் சிரிக்கிறார்கள்.

“அப்ப நீங்கள்தான் முதல் குதிக்கோணும். இவையள் பயப்பிடினம்.”

தொப்பியையும் கண்ணாடியையும் அவரிடம் கொடுத்து, கமராவைப் படியில் வைத்துவிட்டுக் குதிக்கிறேன். மேலே வந்து பார்த்தால் எல்லோரும் இன்னும் கரையில்தான்.

“உங்கை நிண்டு என்ன பாக்கிறியள்? இங்கை வாங்கோ!” என்று கத்துகிறேன்.

கரையில் நின்றவர்களில் முதலில் குதிப்பவர் வழிகாட்டி, என் தொப்பியோடும் கறுப்புக் கண்ணாடியோடும்.