ஒரு நூல் சேத்தி

திருச்செங்கோட்டில் சென்னிமலை வீட்டுக் கேட்டைத் திறக்கக் கை போதாது. தோளையோ முதுகையோ கொடுத்துத்தான் தள்ள வேண்டும். அவர் தன் பட்டறையிலேயே செய்த இரும்புக் கேட் அது. சாப்பாட்டு மேசையும் அவர் கைவேலைதான். அதை உள்ளே கொண்டுவர ஜன்னலைப் பெயர்த்தார்கள். போட்ட இடத்தைவிட்டு இன்றுவரை அது ஒரு விரல்கடை நகரவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அவர் செய்த நாற்காலியை இழுக்கப் பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்ட கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். சென்னிமலையே முதல் ஆளாகச் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

காரணம் இருந்தது. அவர் பட்டறை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குச் சாமான் செய்கிற பட்டறை. இங்கிருந்து கிளம்பும் போர்வெல் லாரி எங்கேயோ வடக்கே ஒரு பாறைக்காட்டில் நின்று வேலை செய்யும். அங்கே ஒரு பிராக்கெட் உடைந்தால் திருச்செங்கோட்டிலிருந்துதான் ஆள் போக வேண்டும். அதனால் இந்த ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம். கேட்ட தடிமனோடு ஒரு நூல் சேர்த்துப் போடுவது. பட்டறைக்காரர்களுக்கு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். "படத்துல என்ன வேணாப் போட்டிருக்கட்டும். ஒரு நூல் சேத்திப் போடு சாமி" என்பதுதான் ஆட்களிடம் சென்னிமலையின் காலை வணக்கம். சேர்த்துப் போட்டதற்காக எந்த ரிக் முதலாளியும் அவரைத் திட்டியதில்லை. நல்ல மனசுக்காரர் என்றே பெயர் வாங்கியிருந்தார்.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புது ரிக்குகள் எல்லாச் சாமானோடும் வெளியிலிருந்து தயாராகவே வந்து இறங்க ஆரம்பித்தன. பட்டறையில் லேத்துகள் வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றன. இப்படியே போனால் தீபாவளிக்குள் பட்டறையைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மனைவி உஷாராணியின் தம்பி ஆனந்தகுமார் ஒரு வேலையைக் கொண்டுவந்தான். ஓசூரில் கார் என்ஜின் செய்கிற கம்பெனி ஒன்றில் வெளியிலிருந்து சாமான் வாங்கும் பிரிவில் இருக்கிறான்.

"மாமா, வெளிநாட்டுக்குப் போற காருக்குன்னே சின்னதா ஒரு பெட்ரோல் என்ஜின் வருதுங்க. அதை ஒரு பக்கம் தாங்கிப் புடிக்கிற பிராக்கெட்டு வேணும். மாதிரி செஞ்சு குடுங்க, பாஸானா வருசம் பூரா வேலை."

"என்ஜின் எவ்வளவு பெருசு மாப்ள?"

"ஒரு லிட்டருக்கும் கீழ மாமா. அந்த நாட்டுலெல்லாம் என்ஜின் அளவப் பாத்துத்தான் வரி. லிட்டரத் தாண்டுனா வெல ஏறிப்போகும், யாரும் வாங்க மாட்டாங்க."

சென்னிமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட போப்பா! எங்கூட்டுச் சொம்புலயே ஒரு லிட்டரு புடிக்கும். அதெல்லாம் ஒரு என்ஜினா?"

சிரித்தாரே தவிர, விடவில்லை. டீக்கடையில் போய், "நம்ம சாமான் கப்பலேறுதுங்க" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தார். கேட்காதவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். மாதிரி செய்து முடிப்பதற்கு முன்பே பட்டறைக்குப் புதுப் பலகை வந்துவிட்டது: சென்னிமலை இன்ஜினியரிங், ஏற்றுமதியாளர்கள். அதுவும் சொந்தத் தயாரிப்பு. மாட்டிய மறுநாளே சுவரில் விரிசல் விட்டது.

பிராக்கெட் ஆறு மில்லிமீட்டர் தடிமன் என்று படத்தில் போட்டிருந்தது. சென்னிமலை படத்தைப் பார்த்தார். கடல் தாண்டிப் போகிற சாமானாயிற்றே என்று நினைத்தார். ரிக் வடநாட்டுக்குப் போவதற்கே ஒரு நூல் சேர்க்கிறோம், இது எங்கேயோ ஆப்பிரிக்காப் பக்கம் போகப்போகிறது. உடைந்தால் திருச்செங்கோட்டு மானம் என்னாவது? லேத் ஓட்டும் டர்னர் ரமேஷ்குமாரைக் கூப்பிட்டார். "ஒம்போதாப் போட்டுரு சாமி" என்றார்.

மாதிரி போனது. அடுத்த வாரமே ஆனந்தகுமார் போன் செய்தான். குரலில் வழக்கமான கேலி இல்லை.

"மாமா, திருப்பிட்டாங்க. ஏனுங்க மாமா இப்படிப் பண்ணுனீங்க?"

"ஏன், உடைஞ்சு போச்சா?"

"உடைஞ்சிருந்தாக்கூடப் பரவால்லீங்களே! போல்ட்டு அந்தப் பக்கம் எட்டவே இல்ல, பல்லே புடிக்கல. அத்தனை மொத்தமா இருக்குது பிராக்கெட்டு."

சென்னிமலைக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா எக்ஸ்ட்ரா இரும்பு கொடுத்தவனைக் குற்றவாளி ஆக்குகிறார்களே என்ற கோபம். பலகை மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு, நியாயம் கேட்க ஓசூருக்கு பஸ் ஏறினார். தர்மபுரி தாண்டும்வரை பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். பக்கத்து சீட்டுக்காரர் இவர் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

கம்பெனியில் அவரை அறிவுச்செல்வி என்ற இன்ஜினியரிடம் கூட்டிப்போனார்கள். என்ஜினின் எடையைக் குறைப்பதுதான் அவள் வேலை. மேசை மேல் அந்தச் சின்ன என்ஜின் இருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய பிராக்கெட் இருந்தது. பச்சைக் குழந்தை காலில் பெரிய ஆள் செருப்பை மாட்டிவிட்டது போல் இருந்தது. பஸ்ஸில் சேர்த்துவைத்த நியாயத்தை விட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

அறிவுச்செல்வி கோபப்படவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. என்ஜின் மேல்மூடியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த ஓரத்துல காது மாதிரித் துருத்திட்டிருந்த துண்டை எடுத்தோம் சார். இந்தத் தட்டை மெலிசாக்கினோம். இந்த போல்ட்டைக் குட்டையாக்கினோம். எடை ஏறினா வண்டி கூடுதலா பெட்ரோல் குடிக்கும், அங்கே ஒருத்தர் தினமும் அதுக்குக் காசு குடுப்பார். எங்க டீம் மாசக்கணக்கா உட்கார்ந்து குறைச்ச எடையை, நீங்க இந்த ஒரே பிராக்கெட்டுல திருப்பிக் குடுத்துட்டீங்க."

"நல்லதுக்குத்தான் சேத்திப் போட்டனுங்க" என்றார் சென்னிமலை.

"தெரியும் சார். ஆனா நீங்க சேர்த்ததை வேற ஒருத்தர்தானே சுமக்கணும்? இன்னொரு தடவை செஞ்சு அனுப்புங்க. அதுக்கு மேல கேட்க என்னால முடியாது."

மறுநாள் மத்தியானம் வீட்டு வாசலுக்கு வந்தவர் கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றார். அவரைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து உஷாராணி கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கேட் முனகிக்கொண்டே நகர்ந்தது. வழக்கமாக அவர் வண்டியில் ஹாரன் அடிப்பார், கேட் திறக்கும், உள்ளே போவார். எப்படித் திறக்கிறது என்று இதுவரை நின்று பார்த்ததே இல்லை. என்னமோ கேட்க வாயெடுத்தார். ஆனால் மாதிரி செய்கிற கவலைதான் முன்னால் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

இந்தத் தடவை அளவு தப்பினால் பட்டறைக்குப் பூட்டுதான். சிக்கல் என்னவென்றால், அவர் கையை அவராலேயே நம்ப முடியவில்லை. ரமேஷ்குமார் கையும் அதே கைதான், அவர் பழக்கிய கை. கடைசியில் உஷாராணியிடம், "நீ வந்து பக்கத்துல நில்லு புள்ள" என்றார். அவள் தடிமன் பார்க்கும் வெர்னியரைக் கையில் வாங்கிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றாள். காட்டிக் கொடுத்ததும் அளவு பார்க்கப் பழகிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாகவே ஒரு கூடுதல் தகட்டைத் தேடி எடுத்தது.

"ஏனுங்க, அந்தத் தகடு எதுக்குங்க?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு..."

"எடுத்த இடத்துலயே வெச்சிருங்க."

ரமேஷ்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். ஆறு என்றால் ஆறு. செய்து முடித்ததைக் கையில் எடுத்தபோது சென்னிமலைக்கு உடம்பெல்லாம் கூசியது. எதையோ திருடிவிட்டது போல் இருந்தது. இப்படி ஒரு நோஞ்சான் சாமானை ஊர் பேரைச் சொல்லி எப்படி அனுப்புவது? மனசு கேட்கவில்லை. அதனால் பெட்டியை மட்டும் கொஞ்சம் கெட்டியாகச் செய்து அனுப்பினார்.

முடிவு வரும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. சாக்கு போட்ட பலகையைப் பார்க்காமல் குனிந்துகொண்டே பட்டறைக்குள் நுழைந்தார். ஒரு காலை நேரத்தில் ஆனந்தகுமாரின் போன் வந்தது.

"மாமா, பிராக்கெட்டு பாஸ். ஆர்டர் போட்டாச்சு."

"நெசமாவா மாப்ள?"

"நெசந்தாங்க. ஆனா அடுத்த தடவை அட்டைப் பொட்டியில அனுப்புங்க மாமா. உங்க இரும்புப் பொட்டியத் தூக்குன ஆளு ரெண்டு நாளா லீவு."

சென்னிமலை போனை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்களைக் கூப்பிட்டு அதையே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். பலகையின் சாக்கை எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஹாரன் அடிக்கவில்லை. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, தானே கேட்டை இழுத்தார். அது அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார், மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டு உஷாராணி வந்து உள்ளேயிருந்து தள்ளினாள். கேட் பாதி திறந்தது.

"ஆர்டர் வந்திருச்சு புள்ள" என்றார். அவள் முகம் மலர்ந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருசமா இதையா தள்ளிட்டிருக்கற? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னேனுங்க. கேட்டு கனமா இருக்குது, தோள் வலிக்குதுன்னு சொன்னேன்."

"நான் என்ன பண்ணுனேன்?"

"இன்னொரு கீல் சேத்திப் போட்டீங்க."

அவர் கீல்களைப் பார்த்தார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது. "நான் ஒரு கூறுகெட்டவன் புள்ள" என்றார். அவள் மறுக்கவில்லை. சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கே கழட்டிப் பட்டறைக்கு அனுப்புங்க. புதுசுக்கு அளவு நான் சொல்றேன்" என்றாள்.