புகாரில்லாத எண்பத்தாறு நாட்கள்

அந்தப் பலகையை வைக்கச் சொன்னவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தலைமையாசிரியரையும் மற்றவர்களையும் நான் திட்டும்போது, கிழவன் தன்னை மட்டும் விட்டுவிட்டான் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லின் டைம் ஆபீஸில், வருகைப் பதிவு வேலையில், முப்பத்தோரு வருடம் இருந்தேன். கேட்டைத் தாண்டியதும் ஒரு பலகை. மேலே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதியிருக்கும். கீழே மூன்று கொக்கிகளில் எண் தகடுகள். தினமும் காலை ஏழே முக்காலுக்கு அந்தத் தகடுகளை மாற்றுவது என் வேலை. யாருக்காவது அடிபட்டால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். இருநூறைத் தொட்டால் கேண்டீனில் எல்லாருக்கும் பிரியாணி.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் இருபது பேர். போன வருடம் ஒரு கூட்டத்தில், பிள்ளைகளுக்குள் கேலியும் அடிதடியும் அதிகமாகிவிட்டது என்று பேச்சு வந்தது. செல்போன்தான் காரணம் என்றார்கள் ஆறு பேர். வளர்ப்புச் சரியில்லை என்றார்கள் நான்கு பேர். மீதிப் பேர் டீ குடித்தார்கள். நான் பலகையைச் சொன்னேன். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ‘புகாரில்லா நாட்கள்’. நூறைத் தொடுகிற வகுப்புக்குச் சென்னைக்கு ஒரு நாள் சுற்றுலா. தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். “சார், இந்த மாதிரி ஒண்ணத்தான் நான் தேடிக்கினு இருந்தேன்.” ஒரு அதிகாரி வந்து பலகையோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்தப் போட்டோவில் நானும் இருக்கிறேன், இடமிருந்து நான்காவது.

என் பேத்தி அங்கே எட்டாம் வகுப்பு. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அவள் அம்மா, என் மருமகள், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். காலை ஆறுக்கெல்லாம் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மகனுக்கு இன்னொரு கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வரும். ஆகவே பேத்தியைப் பள்ளிக்குக் கிளப்புவது என் பாடு.

பொங்கல் முடிந்ததும் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஐந்து வாரத்தில் ஏழு நாள் லீவு. ஏழும் பள்ளி நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வலிக்கவில்லை. டைம் ஆபீஸ்காரனுக்கு இது போதும். எட்டாவது முறை அவள் சுருண்டு படுத்தபோது அவள் பையைத் திறந்தேன். ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸ் இல்லை. உடைத்துச் சிறிதாக்கிய ஈர்க்குச்சிகள் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டாக இருந்தன. எண்ணினேன். நாற்பத்தொன்று.

“இன்னா பாப்பா இது?”

“தொடப்பக் குச்சி.”

“அது தெரியுது. எதுக்கு?”

“மூணு பொண்ணுங்கோ பையில போட்டுர்றாங்கோ தாத்தா. டெய்லி ஒண்ணு. ‘உங்கம்மாவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ், மறக்காம குடுத்துரு’ன்னு சொல்றாங்கோ.”

“நாப்பத்தொண்ணு இருக்குது.”

“நான் லீவு போட்ட அன்னிக்குப் போட முடியல இல்ல? அதான் கம்மி.”

“தூக்கி எறியாம ஏன் வெச்சிக்கினு இருக்கே?”

“எறிஞ்சிட்டா யாரு நம்புவாங்கோ?”

டீச்சரிடம் சொல்வதுதானே என்று கேட்டேன். உலகம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“சொன்னா போர்டு ஜீரோ ஆயிடும். டூர் கேன்சல். ஒருவாட்டி சொல்லப் போனேன். லீடர் கதவாண்ட நின்னுகினு, ‘எண்பது ஆயிடுச்சி, இன்னும் இருபதுதான், வாய மூடிக்கினு இரு, டூர் போய்ட்டு வந்து வேணா சொல்லிக்க’ன்னா. எல்லாருந்தான் அவ பின்னாடி நின்னாங்கோ.” பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “அம்மாகிட்ட சொல்லாத. நான் இனிமே பள்ளிக்கூடம் போமாட்டேன். அவ்ளோதான்.”

பதின்மூன்று வயதுப் பெண் இதை அழாமல் சொன்னாள். முடிவெடுத்துவிட்டாள்.

அந்த லீடரின் பேச்சு எனக்குப் புதிதல்ல. மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர் அதே வார்த்தைகளைத்தான் பேசுவார். எண் நூற்றுத் தொண்ணூற்றி மூன்றில் இருந்தபோது ஒரு ஹெல்பரின் காலில் சிவக்கக் காய்ந்த கம்பி பட்டது. பின்கேட் வழியாக அவனை மோட்டார் சைக்கிளில் நடுவே உட்கார வைத்து வெளியே கொண்டுபோனார்கள். நான் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு லீவு என்று எழுதினேன். ஏழு நாள் கழித்துப் பிரியாணியும் சாப்பிட்டேன். அப்படி என் பேனா லீவில் அனுப்பியவர்கள் பதினொரு பேர். அந்தப் பலகை அடிபடுவதை ஒருநாளும் குறைத்ததில்லை. அடிபட்டேன் என்று சொல்வதைத்தான் குறைத்தது. இது ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதைக் கொண்டுபோய்க் குழந்தைகளின் வாசலில் மாட்டச் சொன்னேன். குழந்தைகள் இதையெல்லாம் கற்றுக்கொள்ள நாளாகும் என்று நினைத்தேனோ என்னவோ. எண்பதே நாள்தான் ஆனது.

அவளைப் படுக்கவிட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜாமெட்ரி பாக்ஸோடு பள்ளிக்குப் போனேன். எட்டாம் வகுப்பு வாசலில் 86. பலகைக்குப் பக்கத்தில், வகுப்பைப் பெருக்குகிறவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள். நான்கு நாளில் என் பேத்தியின் பெயர். வகுப்பாசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“லீடர் எழுதுற லிஸ்ட்டுங்க ஐயா. பாப்பா நல்லா பெருக்கும். அவங்க அம்மாகூட...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒட்டிய பட்டியல் அத்தனை வாரமும் அவர் கண் முன்னால்தான் இருந்தது. நான்கு வரை எண்ணத் தெரியாதவரா அவர்?

தலைமையாசிரியரின் மேசையில் நாற்பத்தொரு குச்சிகளையும் கொட்டினேன். அவர் முதலில் ஃபைல்களை ஓரமாக நகர்த்தினார், தூசி படாமல்.

“சார், குச்சிதானே? கத்தி எடுத்துக்கினு வந்தாமாதிரி பேசறீங்களே. பசங்க விளையாட்டு.”

“புகார்ப் பதிவேட்டை எடுங்க.”

“நீங்க கொண்டாந்த திட்டம் சார் இது. இன்னும் பதினாலே நாள். டூர் முடியட்டும், நானே கூப்பிட்டு விசாரிக்கிறேன். முப்பத்தேழு பசங்க ஆசையா காத்துக்கினு இருக்காங்க.”

“முப்பத்தெட்டு” என்றேன். என் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். வராந்தாவில் போன இரண்டு ஆசிரியர்கள் நின்றார்கள்.

பதிவேடு வந்தது. புதுக் கருக்கு அழியவில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. முதல் பக்கத்தில், முதல் வரியில், நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எட்டாம் வகுப்பு வாசலுக்கு வந்து எட்டையும் ஆறையும் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினேன். உள்ளே ஒரே கூச்சல்.

“தாத்தா, டூரு?”

“போச்சு.”

“யாரால தாத்தா?”

“என்னால.”

“பெருசுக்கு வயித்தெரிச்சல்டா” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு வேறு. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கை நீண்டிருக்கும்.

நான் வீடு வந்து சேருவதற்குள் தலைமையாசிரியர் என் மருமகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பெற்றோருக்குத் தகவல் தருவது விதியாம். எண்பத்தாறு நாள் தூங்கிய விதி அன்றைக்கு விழித்துக்கொண்டது. அவள் ஷிப்ட் முடிந்து வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“பெருக்கித்தான்டி சம்பாரிக்கிறேன். எனக்கே வெக்கமில்ல, உனக்கு இன்னா? நாளைக்கு நீ போறே.”

பேத்தி அம்மாவின் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். “சொல்லாதன்னு சொன்னேன் இல்ல? இப்ப எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்கோ.”

நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மருமகள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க இன்னாத்துக்கு மாமா அந்தப் போர்டை வெக்கச் சொன்னீங்கோ?”

அவள் என்னை இப்படிக் கேட்டது இந்தப் பதினைந்து வருடத்தில் முதல் முறை.

மறுநாள் பேத்தி போனாள். மருமகள் அரைநாள் லீவு போட்டு, அதே கோட்டோடு, வகுப்பு வாசல்வரை கூடவே போனாள். தலைமையாசிரியர் குச்சி போட்ட மூன்று பெண்களையும் என் பேத்தியையும் நிற்க வைத்துக் கைகொடுக்கச் சொன்னார். நான்கு கைகள், அரை நிமிடம். அதற்குப் பெயர் சமரசம். மாதக் கூட்டத்தில் ‘சமரசமாக முடிந்தது’ என்று தீர்மானம் எழுதி நீட்டினார்கள். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் வரவில்லை. நான் போடவில்லை. பலகைகளை எடுங்கள், பெருக்குகிற பட்டியலை ஆசிரியரே எழுதட்டும், பையன்களும் பெருக்கட்டும், குழந்தைகளைத் தனித்தனியாக அழைத்துக் கேளுங்கள் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். பட்டியல் மட்டும் மாறியது. எல்லா வகுப்புகளிலும் பலகைகள் இன்னும் தொங்குகின்றன. ஒன்பதாம் வகுப்பில் இப்போது 92. அந்தத் தொண்ணூற்றிரண்டைப் பார்க்கும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். உள்ளே யார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

போன வாரம் தலைமையாசிரியர் போன் செய்தார். எட்டாம் வகுப்பில் இனிக் காப்பாற்ற டூர் எதுவும் இல்லை என்று ஆனதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். இரண்டு வாரத்தில் ஒன்பது புகார். அதில் ஒன்று ஓர் ஆசிரியர் மேலேயே.

“எல்லாம் உங்களால வந்தது. கல்வி ஆபீஸ்ல கேட்டா நான் இன்னா சொல்றது?”

“ஒன்பது பேரு வாயத் தொறந்துட்டாங்கன்னு சொல்லுங்க” என்று போனை வைத்துவிட்டேன்.

பேத்தி என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. வகுப்பில் இரண்டு பேர் அவளோடு பேசுகிறார்கள், மீதிப் பேர் இல்லை என்று மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல், தானே கிளம்பிவிடுகிறாள். இன்றோடு பதினெட்டு நாள். ஒரு நாளும் வயிறு வலிக்கவில்லை.