தெருக் குழுவில் நான் போட்ட படம்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்கும் கூட்டம் பொங்கல் கழிகிறவரை எங்கள் ஸ்டுடியோவில் ஓயாது. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் ஊருக்கு வரும் காலம் அது. புதுத் துணி கசங்குவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது ஸ்டுடியோ எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே படத்தில் நிற்க வேண்டுமென்றால் எடுக்கிற ஆள் வெளியாளாக இருக்க வேண்டும். எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

கல்யாணம், காதுகுத்து எல்லாம் என் வீட்டுக்காரர் வெளியே போய் எடுப்பார். கடையில் குழந்தைகளை எடுப்பது என் வேலை. ஒரு பிள்ளை உள்ளே வந்த இரண்டு நிமிஷத்தில் அது யாருக்குச் செல்லம், யாரிடம் பயம் என்று சொல்லிவிடுவேன். ஃபிளாஷ் அடித்ததும் அது யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதோ அவர்தான் அதற்கு எல்லாம். இந்தக் கணிப்பில் எனக்குக் கர்வம் உண்டு. நடந்ததை யோசித்தால், என்னை அப்படிச் செய்ய வைத்தது பயம் பாதி, அந்தக் கர்வம் பாதி.

மூன்று வருஷத்துக்கு முந்திய பொங்கல் அது. அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கே இருந்து ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள் என்று ஒரு பெண் அழாக்குறையாகப் பேசும். அதற்கு முந்தின வருஷமும் இதே பதிவு வேறு ஊர்ப் பெயரோடு வந்தது. பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதைக் கேட்ட அன்று என் மகளை டியூஷனிலிருந்து நானே போய்க் கூட்டிவந்தேன்.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நாலு வயதுப் பெண் பிள்ளையோடு வந்தார். சட்டையில் கடை மடிப்பு அப்படியே இருந்தது. பிள்ளையின் பட்டுப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. அக்குளுக்குக் கீழே விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு அளவு தெரியாத ஆள் எடுத்த துணி என்று பார்த்ததுமே நினைத்தேன். கையில் ஒரு பெரிய சாக்லேட் பாக்கெட், பிரிக்காமல்.

பிள்ளையைத் தனியாக நாலு, தன்னோடு சேர்த்து இரண்டு எடுக்க வேண்டும் என்றார். உடனே பிரிண்ட் வேண்டும், பேரையூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கடைக் கண்ணாடியிலோ போனிலோ இந்தப் படத்தைப் போட்டுவிடாதீர்கள் என்றார். இதை நிறையப் பேர் கேட்பார்கள். ஆனால் அவர் சொன்ன விதம் எனக்கு நெருடியது.

பில் போடப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். ஒன்று சொன்னார். பிறகு அவருக்கு ஒரு போன் வந்தபோது வேறொரு பெயரைச் சொல்லி, “இங்கனதான் இருக்கு, நல்லாத்தான் இருக்கு” என்றார். வயது கேட்டதற்கு நாலு என்றார். கொஞ்சம் யோசித்து, அஞ்சு ஆகப்போகுது என்றார்.

கரும்பும் பானையும் வரைந்த திரைக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தினேன். தனியாக நின்றபோது சொன்னதையெல்லாம் செய்தது. அப்பா மடியில் போய் உட்காரு என்றதும் வாசலைப் பார்த்தது. அவராகத் தூக்கி மடியில் வைத்தார். பிள்ளை முதுகு அவர் மேல் படாமல் முன்னால் சாய்ந்தே இருந்தது. ஃபிளாஷ் அடித்ததும் அது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

“அம்மா வரலையா?” என்று கேட்டேன்.

“அவ வரமாட்டா” என்றார். பிள்ளைக்கு உதடு துடித்தது.

பிரிண்ட் எடுக்கிற சாக்கில் உள் அறைக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முந்தின நாள் எடுத்த வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், “வர்றவுகள எல்லாம் சந்தேகப்பட்டா கடையப் பூட்டிட்டுத்தான் போகணும்” என்றார். அந்த ஆளிடமே போய்க் கேளேன் என்றும் சொன்னார். எனக்கு அதற்குத் துணிவு வரவில்லை. தப்பான ஆளாக இருந்தால் உஷாராகிவிடுவான், நல்ல ஆளாக இருந்தால் அவமானப்படுவார். இப்படி இரண்டு பக்கமும் யோசித்து, இரண்டையும் விட மோசமான ஒன்றைச் செய்தேன். கம்ப்யூட்டர் திரையில் இருந்த, இருவரும் சேர்ந்த படத்தை என் போனில் எடுத்து, எங்கள் தெருக் கடைக்காரர்கள் குழுவில் போட்டேன். கீழே, இந்தப் பாப்பாவைத் தெரிந்தவர்கள் சொல்லவும், பேரையூர் பஸ்ஸுக்குப் போகிறார்கள், கூட வந்தவர் மேல் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது என்று எழுதினேன்.

குழுவில் யாரும் பதில் போடவில்லை. பிரிண்டைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொள்ளாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியது. மனசு கேட்கவில்லை. தெருமுனை வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிப் போய் நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அடுத்த குடும்பம் கைக்குழந்தையோடு உள்ளே வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து என் நாத்தனார் சமயநல்லூரிலிருந்து ஒரு படம் அனுப்பினார். குழந்தை கடத்தும் கும்பல், பேரையூர் பக்கம் போகிறது, உஷார், எல்லாக் குழுவுக்கும் அனுப்பவும் என்று இருந்தது. கூடவே அழுகிற முகம் நாலு. படத்தில் இருந்தது எங்கள் கரும்புத் திரை. நான் எழுதிய ‘கொஞ்சம்’ என்ற வார்த்தை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

குழுவில் போட்டதை உடனே அழித்தேன். அழித்து என்ன செய்ய? அது என் கையை விட்டுப் போய்விட்டது. பில்லில் அவர் நம்பர் இருந்தது. மூன்று தரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலாவது தரம் வேறு ஒரு ஆள் எடுத்து, நான் யார் என்று கேட்டான். பின்னால் நிறையப் பேர் சத்தம் கேட்டது. அவனே சொன்னான், திருமங்கலம் தாண்டி ஒரு ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி வைத்திருக்கிறார்களாம்.

நான்தான் அந்தப் படத்தை எடுத்தவள், தப்பாக அனுப்பிவிட்டேன், அவரை ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன்.

“அப்ப இவன்தான் புள்ளைக்கு அப்பனா? ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, விட்டுருவோம்.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில்கூட எனக்கு அவர் யார் என்று தெரியாது. ஒருவேளை நான் நினைத்தது சரியாக இருந்து, என் பேச்சை நம்பி அவனை விட்டுவிட்டால் பிள்ளை என்னாகும் என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றது. எனக்குத் தெரியாது, போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

கடைக் கதவை இழுத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் கிளம்பினோம். கிளம்பும் முன் அவர் நூறுக்கு அடித்துப் போலீசுக்குத் தகவல் சொன்னார். நான் பின்னால் உட்கார்ந்து, அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும் என்று ஒரு தரமும், கெட்டவனாக இருந்தால் நான் செய்தது சரியாகிவிடும் என்று ஒரு தரமும் நினைத்துக்கொண்டே போனேன். இரண்டாவதாக நினைத்ததை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை.

நாங்கள் போனபோது ஒரு ஏட்டு வந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. கீழுதடு வீங்கியிருந்தது. பிள்ளை பூக்காரம்மா ஒருத்தி மடியில் இருந்தது. சுற்றி நாற்பது ஐம்பது பேர். பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டு குனிந்து, இது யாரு பாப்பா என்று பிள்ளையிடம் கேட்டார். அது பதில் சொல்லவில்லை. கூட்டம் அதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொண்டது.

பிள்ளையின் அம்மா வருகிறாள், ஏட்டு ஐயாகிட்ட நாந்தேன் நம்பரக் குடுத்துப் போன் பண்ணச் சொன்னேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. நானும் நம்பியும் நம்பாமலும்தான் நின்றேன்.

இருபது நிமிஷத்தில் பேரையூரிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. இறங்கிய பெண் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏட்டின் முன்னால் நின்றாள்.

“எம் புள்ளைக்கு அப்பா அவுகதான். நாந்தேன் அனுப்புனேன்” என்றாள்.

பிறகு அவள் ஏட்டிடம் சொன்னதிலிருந்து விஷயம் தெரிந்தது. இரண்டு வருஷமாக அவர்கள் சேர்ந்து இல்லை. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை. அவள் பேரையூரில் பிறந்த வீட்டில் இருக்கிறாள். இந்தப் பொங்கலுக்குப் பெரியவர்கள் பேசி, ஒரு நாள் மட்டும் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவிட வேண்டும் என்று முடிவானது. அப்பாவும் மகளும் தனியாக வெளியே போனது அன்றுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். படத்தை வெளியே போட வேண்டாம் என்று அவர் கேட்டது, அவள் அண்ணன்மார் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்று.

கூட்டம் அப்படியே கரைந்தது. அடித்தவன் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை.

நான் போய் அவர்கள் முன்னால் நின்று, படத்தைப் போட்டது நான்தான் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க உள்ள போயி போன்ல என்னமோ பண்ணதப் பாத்தேங்க்கா. பிரிண்டு சரியா வரலையோன்னு நெனச்சேன்” என்றார். திட்டவில்லை.

அந்தப் பெண்தான் பேசினாள். “புள்ளையப் பாத்துச் சந்தேகப்பட்டதுக்கு ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒங்க மாதிரி சந்தேகம் வந்திருக்கும். ஆனா எனக்கு ஒரு போன் போடச் சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு போன்.”

அன்று ராத்திரியே, நடந்தது தப்பு, அந்தப் படத்தில் இருப்பவர் பிள்ளையின் அப்பா என்று என் முகம் தெரிய ஒரு வீடியோ பேசி எல்லாக் குழுவிலும் போட்டேன். முதல் படம் போன வேகத்தில் அது போகவில்லை. அந்த வருஷம் சித்திரை மாதம்கூட யாரோ ஒருவர் அந்தப் பழைய படத்தை எனக்கே அனுப்பி, ஜாக்கிரதை என்றார்.

ஆடியில் ஒருநாள் பிள்ளையின் அப்பா போன் செய்தார். கம்பெனியில் மேனேஜர் புதிதாக வந்திருக்கிறார், யாரோ அவருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். மேனேஜரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க யாரும்மா? இவனே ஒரு பொம்பளையப் பேச வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூர் போனோம். அன்றைக்கு வந்த ஏட்டிடம் பேசி, அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனோம். மேனேஜர் என்னைப் பார்த்தார், என் போனில் இருந்த வீடியோவில் என் முகத்தைப் பார்த்தார், ஏட்டுக்குப் போன் போட்டுப் பேசினார். கடைசியில், சரி, அவனை வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். என்னை நம்பியதுபோல் தெரியவில்லை. ஏட்டை நம்பியிருப்பார்.

பிள்ளையின் அப்பா கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டு, பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்டுக்கொண்டே பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். யூகேஜி போகிறது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க விடுகிறார்கள், இப்போது தன்னிடம் வருகிறது என்றார்.

“ஒண்ணுதேன். போனத் தூக்குனாலே மூஞ்சிய மூடிக்கிருதுக்கா. பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்தாங்க. எம் மக மட்டும் திரும்பி நிக்கிது.”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, கட்டாயப்படுத்தி எடுக்க வேண்டாம் தம்பி, டீச்சரிடமும் சொல்லிவையுங்கள் என்றேன். சரிக்கா என்றார்.