டவுட் சாரும் கேட்டதெல்லாம் தரும் பள்ளியும்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவுக்கு ஆங்கிலம் எடுப்பவரின் வரலாற்றை எழுத மட்டும் ஒருவரும் இல்லை. கல்வி உலகத்தின் இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவருக்கு டவுட் சார் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. ஒவ்வொரு பத்தியை நடத்தி முடித்ததும் "எனி டவுட்?" என்று கேட்பார். அவருடைய இருபத்தாறு வருட சர்வீஸில் ஒரு பிள்ளைகூட இருக்கிறது என்று சொன்னதில்லை. தன் போதனையின் தெளிவுக்கு இது சான்று என்பது அவருடைய கருத்து. டவுட் என்று ஒன்று வரவேண்டுமானால் முதலில் கொஞ்சமாவது புரிந்திருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் கருத்து.

வகுப்பில் கிடைக்காத புகழை அவர் ஆசிரியர் அறையில் சம்பாதித்தார், அதுவும் போலி வேலை அழைப்புகளைக் கண்டுபிடிப்பதில். உலகில் கணக்கு வாத்தியாரை எந்த நாடும் கூப்பிடுவதில்லை. வரலாற்று வாத்தியாரை அவருடைய சொந்த வீட்டிலேயே சாப்பிட மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஆங்கில ஆசிரியருக்கோ வாரத்துக்கு ஒரு வெளிநாடு அழைப்பு அனுப்புகிறது. இலவச வீடு, இலவச விமான டிக்கெட், வாசலில் கார். இவ்வளவு நாடுகள் ஆங்கிலம் தெரியாமல் தவிப்பது இந்த மின்னஞ்சல்களைப் படிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஒருநாள் மதியம் சின்ன மிஸ், தனக்கு வந்த அப்படியொரு அழைப்பைக் காட்டத் தன் போனை அவரிடம் நீட்டினார். சின்ன மிஸ் என்றால் ஆங்கில ஆசிரியர்களிலேயே இளையவர். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். டவுட் சார் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரைப் போல போனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"இன்டர்வியூ எப்போ வெச்சாங்க?"

"வைக்கல சார். என் ப்ரொஃபைலப் பாத்தே எடுத்துட்டாங்களாம்."

"டெமோ கிளாஸ்?"

"அதுவும் இல்ல சார்."

"ஏம்மா, வீட்டு வேலைக்கு ஆள் வெக்கிறவங்ககூட ரெண்டு பாத்திரம் தேய்ச்சுக் காட்டச் சொல்றாங்க. ஒரு ஸ்கூல் உன்னை வாயே தொறக்கச் சொல்லாம சேத்துக்குமா? மெயிலப் பாரு, ஸ்கூல் பேருல இல்ல, யாரு வேணா ஓசில ஆரம்பிக்கிற ஐடி. உடனே ராஜினாமா பண்ணச் சொல்றான். ஒரிஜினல் சர்டிபிகேட்ட கூரியர்ல கேக்குறான். அதுக்கு மேல ப்ராசஸிங் பீஸ் வேற. வேலை குடுக்குறவன் நமக்குக் காசு குடுப்பானா, நம்மகிட்ட வாங்குவானா?"

சின்ன மிஸ்ஸின் குரல் இறங்கியது. "அப்ப என்னை யாருமே கூப்பிடலையா சார்?"

"யாருமே கூப்பிடல. நிம்மதியா போய் ஏழாம் கிளாஸ எடு."

சின்ன மிஸ் அன்று மாலையே அந்தப் பள்ளியின் முகவரியை இணையத்தில் தேடிப் பார்த்தார். பள்ளி இருக்க வேண்டிய இடத்தில் டயர் கடை இருந்தது. டவுட் சாரின் புகழ் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும் பரவியது. யாருக்கு ஆஃபர் வந்தாலும் முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் சந்தோஷப்படுவது என்று ஒரு வழக்கமே உண்டாயிற்று. அவரிடம் காட்டிய பிறகு சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை.

இப்படிப்பட்டவருக்கே ஒரு ஆஃபர் வந்தது.

அதில் இன்டர்வியூ இல்லை. டெமோ இல்லை. மின்னஞ்சல் முகவரி ஓசி முகவரி. அசல் சான்றிதழ்களை அனுப்ப வேண்டும். ப்ராசஸிங் கட்டணம் கட்ட வேண்டும். உடனே ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்டதற்கான நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சின்ன மிஸ்ஸுக்கு வந்ததற்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இது 'மாண்புமிகு கல்வியாளர் அவர்களுக்கு' என்று தொடங்கியது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடங்களில் தலைமையாசிரியை அவரிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம், "சார், போறப்ப அந்த ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் போங்க" என்பது. அப்படிப்பட்ட காதில் மாண்புமிகு போய் விழுந்தால் என்ன ஆகும்? உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. இன்டர்வியூ இல்லையா? அனுபவசாலியை யார் இன்டர்வியூ செய்வார்கள், அது மரியாதையாகவா இருக்கும்? ஓசி முகவரியா? பெரிய பள்ளிக்காரர்கள் எளிமையானவர்கள். கட்டணமா? கண்டவனும் வந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கும். சின்ன மிஸ்ஸுக்கு வந்தது போலி, ஏனென்றால் சின்ன மிஸ்ஸை யாருக்கும் தெரியாது. தன்னைத் தெரிந்திருக்கிறது. இதில் டவுட்டுக்கு என்ன இடம்?

விஷயத்தை முதலில் மச்சினனிடம்தான் சொன்னார். மச்சினன் அவர் மனைவியின் தம்பி. வேலை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்து, அதில் நல்ல அனுபவம் உள்ளவன்.

"மாமா, இன்னைக்கே பேப்பரப் போட்டுருங்க. இவங்கல்லாம் காத்திருக்க மாட்டாங்க."

"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"அக்காகிட்ட சொன்னா கேள்வி கேக்கும் மாமா. நீங்க டிக்கெட்டோட போய் நில்லுங்க."

வெள்ளிக்கிழமை டவுட் சார் ராஜினாமா கொடுத்தார். ஒரு பெட்டி சாக்பீஸுக்குக் கையெழுத்துப் போட வாரக்கணக்கில் யோசிக்கும் தலைமையாசிரியை, இதற்கு உட்கார்ந்துகூடக் கையெழுத்துப் போடவில்லை. பீரோவைப் பூட்டிக்கொண்டே போட்டார். ஐம்பத்தோரு வயதில், வேறு எந்தப் பள்ளியும் திரும்பிப் பார்க்காத வயதில், டவுட் சார் வேலை இல்லாதவர் ஆனார். வெளிநாட்டு வேலை நிஜமாக இருந்தால் குடும்பம் பிழைத்தது. இல்லையென்றால் மச்சினனுக்கு வீட்டிலேயே ஒரு ஜோடி கிடைத்தது.

அவர் மனைவி வேறொரு பள்ளியில் கணக்கு டீச்சர். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைத் தோளில் சுமந்தபடி வீட்டுக்குள் நுழைந்தவர், கூடத்தின் நடுவில் புதுப் பெட்டி ஒன்று நிற்பதைப் பார்த்தார். அதன் பக்கத்தில் தம்பி நின்றான். விஷயம் வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை.

"யாரைக் கேட்டு ராஜினாமா குடுத்தீங்க?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"ரொம்ப சர்ப்ரைஸாத்தான் இருக்கு."

அவர் கத்துவார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் விடைத்தாள் கட்டை மேஜையில் வைத்தார், முகம் கழுவிக்கொண்டு வந்தார், கடிதத்தைப் படித்தார். பிறகு மிகவும் சாந்தமாக, "சரிங்க, போங்க" என்றார். "சர்டிபிகேட்டையும் பணத்தையும் மட்டும் நான் சொல்றப்ப அனுப்புங்க. அதுக்கு முன்னாடி நமக்கு வேணுங்கறதை நாலு கேட்டு வாங்கிக்குவோம். மாண்புமிகுன்னு சொல்றாங்களே, கேட்டாத் தராமலா போயிடுவாங்க?"

டவுட் சாருக்கு மனைவியின் மேல் மரியாதை பொங்கியது. மறுநாள் காலை குடும்பமே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது.

முதல் கோரிக்கை: எனக்கு முழங்கால் வலி, தரைத்தளத்தில்தான் வகுப்பு வேண்டும். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. தங்களுக்காகவே தரைத்தளம்.

"பாத்தியா!" என்றார் டவுட் சார்.

"இன்னொண்ணு கேளுங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளாஸ் எடுக்க மாட்டேன்னு."

மதியத்துக்கு மேல் தாங்கள் ஓய்வெடுப்பதே பள்ளிக்குப் பெருமை என்று பதில் வந்தது.

"மாமா, என்னையும் கேளுங்க மாமா," என்றான் மச்சினன். கேட்டார்கள். மாண்புமிகு கல்வியாளரின் மச்சினருக்குப் பண்பாட்டு உதவியாளர் பதவி ஒதுக்கப்பட்டது. தனி அறை, தனிக் கட்டணம். கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மச்சினன் கண்ணாடி முன்னால் போய் நின்று, பண்பாட்டு உதவியாளர் எப்படித் தலை சீவுவார் என்று யோசித்தான்.

மனைவி சிவப்புப் பேனாவைத் திறந்து, கட்டிலிருந்து முதல் விடைத்தாளை எடுத்தார். "இனிமே பேப்பர் திருத்த மாட்டேன்னு கேளுங்க."

டவுட் சார் அதிர்ந்துபோனார். "அடிப்பாவி! அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. எந்த ஸ்கூல்ல ஒத்துக்குவாங்க?"

"ஒத்துக்க மாட்டாங்கன்னா இல்லைன்னு சொல்லட்டுமே. இதுவரைக்கும் அவங்க ஒரு தடவைகூட இல்லைன்னு சொல்லலையே."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கேட்டார். தாங்கள் விடைத்தாளைத் தொடவே வேண்டியதில்லை என்று பதில் வந்தது.

எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் துள்ளிக் குதிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிய வகுப்பு இல்லாத பள்ளி இருக்கலாம். மச்சினனைச் சுமக்கும் பள்ளிகூட எங்காவது இருக்கலாம். ஆனால் ஆசிரியராகப் பிறந்த யாருக்கும், எந்தத் தேசத்திலும், திருத்தாமல் ஒரு கட்டு கழிந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"அப்போ யாரு திருத்துவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"அவங்களையே கேளுங்க," என்றார் மனைவி, தலை நிமிராமல்.

டவுட் சார் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பள்ளியின் மனிதவள இயக்குநர் உடனே எடுத்தார். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. இயக்குநரின் கண்ணியம் கருதி இங்கே தமிழில் தரப்படுகிறது.

"ஐயா, என் வகுப்பு விடைத்தாளை யார் திருத்துவார்கள்?"

"தங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்."

"இல்லை, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். பிறகு இயக்குநர் மிகுந்த பணிவோடு கேட்டார்: "தங்களுக்கு எத்தனை பேர் வேண்டும்?"

டவுட் சார் போனை மெதுவாக மேஜையில் வைத்தார். அது நெடுநேரம் "ஹலோ, ஹலோ, மாண்புமிகு" என்று கூவிக்கொண்டிருந்தது.

"நெசமான ஸ்கூலா இருந்தா எதுக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கும்," என்றார் மனைவி.

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? எனக்குப் பொறாமைன்னு சொல்லியிருப்பீங்க."

அவர் போனை அணைத்தார். மச்சினன் மட்டும், "அப்ப அந்தப் பண்பாட்டுப் போஸ்டும் இல்லையாக்கா?" என்றான். அக்கா பார்த்த பார்வையில் தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

திங்கட்கிழமை டவுட் சார் தலைமையாசிரியையின் அறை வாசலில் நின்றார்.

"மேடம், அந்த ராஜினாமாவ வாபஸ் வாங்கிக்கலாம்னு..."

"வேகன்ட்னு மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிட்டேனே சார்."

"நான் இங்கயேதான மேடம் இருந்தேன்."

"இருந்தீங்க. இப்ப இல்லை. அப்ளை பண்ணுங்க, ரூல்ஸ்படி பாக்கலாம். போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."

அப்படியாக டவுட் சார் தன் சொந்த வேலைக்கே விண்ணப்பம் போட்டார். பெற்றோர் உட்காரும் பெஞ்சில் வேறு மூன்று பேரோடு உட்கார்ந்து காத்திருந்தார். மூவருக்கும் தலையில் முடி இருந்தது. மடியில் லேப்டாப் இருந்தது. அவரிடம் ஒரு பழைய ஃபைலும், மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையும் இருந்தன.

உள்ளே தலைமையாசிரியை, நிர்வாகத்திலிருந்து ஒருவர், ஆங்கிலத் துறையின் புதிய பொறுப்பாளர் ஆகிய மூவர் இருந்தார்கள். பொறுப்பாளர் வேறு யாருமில்லை, சின்ன மிஸ்தான். அவர் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார்.

டெமோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். நடுவில் நிர்வாகத்துக்காரர் கொட்டாவி விட்டார், தலைமையாசிரியை ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். ஆங்கிலம் பேசச் சொன்னார்கள். பேசினார். கடைசியாக நிர்வாகத்துக்காரர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "முந்தைய வேலையை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். முந்தைய வேலை இதே வேலைதான் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"சொந்தக் காரணம்" என்று சொல்வதாகத்தான் வீட்டில் பேசி வைத்திருந்தார். சின்ன மிஸ் தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தத் திருகலிலேயே தெரிந்தது.

"ஏமாந்துட்டேன் சார்," என்றார் டவுட் சார். "வெளிநாட்டு ஆஃபர். இந்த மிஸ்கிட்ட ஒரு நாள் இது போலி, போலின்னு எதையெல்லாம் காட்டினேனோ, அத்தனையும் எனக்கு வந்ததுலயும் இருந்துச்சு. மொத வரியில மாண்புமிகுன்னு போட்டிருந்தான். அதுக்கப்புறம் எதுவும் கண்ணுல படல."

தலைமையாசிரியை முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். சின்ன மிஸ் தன் தாளில் ஏதோ மதிப்பெண் எழுதி, அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"வெளியில உக்காருங்க சார். சொல்லி அனுப்புறோம்."

மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றார். "என்ன ஆச்சு?"

"எடுத்துக்கிட்டாங்க. ஆனா புது ஆள் மாதிரிதான். சர்வீஸ் கணக்கில்ல. மூணாவது மாடி, மதியம் ரெண்டு பீரியட். யாரு லீவு போட்டாலும் அந்தக் கிளாஸுக்கும் நான்தான் போகணும். சின்ன மிஸ்கிட்ட பாடக்குறிப்புல கையெழுத்து வாங்கணும். இன்னையிலருந்தே எட்டாம் கிளாஸ் பேப்பரத் திருத்தணுமாம்." தோளிலிருந்து ஒரு கட்டை இறக்கி, மேஜையில் மனைவியின் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆர்டர் குடுத்தாங்களா?"

"எங்க குடுத்தாங்க? டைப் அடிக்க ஆள் இல்லையாம். அடுத்த மாசம் வந்து கேக்கச் சொல்றாங்க."

மனைவியின் முகத்தில் அன்றுதான் நிம்மதி வந்தது. "அப்ப நெசமான வேலைதான்," என்றார். உள்ளே போய் இன்னொரு சிவப்புப் பேனா எடுத்துவந்து கொடுத்தார்.